முகப்பில் உன் படத்தைப் போட்டது நான்தான்

என் ஆசை அக்கா, கோபமாக இருந்தால் கோபத்தோடேயே கேள்.

உன் கதையைப் புத்தகமாக அடித்துவிட்டேன். அது நல்ல செய்தி. அடித்த விதத்தில் ஊரையும் உன் வீட்டையும் சேர்த்துக் கலக்கிவிட்டேன். அது மற்றச் செய்தி. இப்போது எல்லாம் அடங்கிவிட்டபடியால்தான் எழுதத் துணிவு வந்தது. போன மாதம் எழுதியிருந்தால் மன்னிப்பைத் தவிர ஒரு வரியும் வந்திருக்காது.

நீ கண்மூடிய பிறகு உன் அலுமாரியை ஒதுக்கும்போது, சேலைகளுக்குக் கீழே ஐந்து கொப்பிகளைக் கண்டெடுத்தவள் உன் மகள் ஜெனி. "மாமா, அம்மா கதை எழுதியிருக்கிறா. புத்தகமாப் போடுவமோ? உந்த எழுத்தைப் பாத்தாலே எனக்கு அழுகை வருது. அச்சிலை வந்தாப் பிறகு வாசிக்கிறன்" என்று என் கையில் தந்தாள். நானும் வாசிக்கவில்லை, அக்கா. சாக்கைப் பிரித்து, மணந்து பார்த்து, அடியில் கிடக்கும் கருவாட்டையும் கிளறிப் பார்க்காமல் என் கடைக்கு ஒரு பொதி வாங்காதவன் நான். உன் கொப்பியை மட்டும் திறக்காமல் அச்சகத்துக்குக் கொடுத்தேன்.

முகப்புக்கு என்ன போடுவது என்று அச்சகத்துப் பொடியன் கேட்டான். முதலாம் ஆண்டு நினைவுக்குக் கொடுக்கிற புத்தகம் எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கும்? முன்னுக்கு இறந்தவரின் படம், கீழே மலர்வு, உதிர்வு என்று பிறந்த நாளும் இறந்த நாளும், உள்ளே அவரின் வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் வந்தவர்களுக்கும் மலர்வளையம் வைத்தவர்களுக்கும் நன்றி. நான் கண்டதெல்லாம் அந்த வகைப் புத்தகம்தான். உனக்கும் அப்படியே செய்வித்தேன். 'நாவல்' என்று ஒரு சொல் எங்கேயும் இல்லை. போடவேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே?

கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடு முடிந்து, போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்தேன். வடிவாக அடித்திருக்கிறாய் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

நீ எழுதிய பெண்ணுக்குப் பெயரே வைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 'நான்', 'நான்' என்றுதான் போகிறது. இந்தியாவில் அகதி முகாம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன். காதுக்குள் யாரோ கதைக்கிற சத்தம் கேட்டு, கிணற்றடியில் நின்று தனக்குள் பேசுகிற பெண். ஒருநாள் விடிய, காய்ச்சலில் கிடந்த மூன்று வயது மகளை அயலவர் வாசலில் படுக்க வைத்துவிட்டு அவள் போய்விடுகிறாள். இரண்டு வருடம் கழித்துத்தான் வருகிறாள். உன் படம், உன் பிறந்த நாள், உள்ளே 'நான்'. சனம் வேறு என்ன நினைக்கும்?

அடுத்த கிழமை என் கடை இரண்டாகப் பிரிந்தது. சில்லறைக்குக் கருவாடு எடுக்க வருகிற ஒரு பெண் சாக்கின் மேல் குந்தியிருந்து அழுதாள். "இவ்வளவு பட்டவவோ உங்கடை அக்கா? பக்கத்திலை இருந்து செபமாலை சொல்லுவா, ஒரு சொல்லு வாய் திறந்தவவே?" அவளுக்குப் பின்னால் நின்ற ஊர் அதிகாரியாக இருந்த பழைய விதானையாருக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பிள்ளையை விட்டிட்டுப் போனவளுக்கு என்ன அழுகை? டேய், செத்த அக்கான்ரை மானத்தை அச்சடிச்சுச் சாப்பாட்டோடை குடுத்தவன் உலகத்திலையே நீ ஒருத்தன்தான்ரா."

"ஐயா, அது கதை" என்றேன்.

"கதையெண்டால் என்னத்துக்கடா படம்?"

அன்று கடையை வேளைக்கே பூட்டினேன்.

அதற்குப் பிறகுதான் வாசித்தேன். கருவாடு காயப்போடுகிற வாடியில் இருந்து இரண்டு நாளில் முடித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், முடித்தபோது எனக்கும் சந்தேகம் வந்தது. நீயும் அத்தானும் முகாமில் இருந்த வருடங்களில் நான் நீர்கொழும்பில் மீன்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே என்ன நடந்தது என்று கண்டேனா? அத்தான் அந்த நாளில் இடைக்கிடை குடிக்கிறவர்தானே?

என் சந்தேகம் கிடக்கட்டும். ஜெனியை நினைத்துப் பார். தாயின் புத்தகத்தை ஆசையாகக் காத்திருந்து வாசித்த பிள்ளை, இரண்டாம் நாளே தகப்பனோடு கதைப்பதை நிறுத்தினாள். சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். ஒருநாள் உடுப்புப் பையோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"மாமா, சின்னனிலை நான் ஆரோ ஒரு பிள்ளையோடை ஒரே பாயிலை படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. எங்கடை வீட்டிலை வேறை பிள்ளை இல்லையே. அப்ப நான் வேறை ஆக்களிட்டை விடப்பட்ட பிள்ளைதானே? அப்பா அடிச்சுத்தானே அம்மா போனவ?"

'இல்லை' என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

அத்தானிடம் போனேன். வேலிக்குக் கதியால் தடிகள் நட்டுக்கொண்டிருந்தார். "ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அத்தான், அது காணும்" என்றேன். "புத்தகத்திலை இருக்கிறது இருக்கட்டும்" என்றார். "நீங்கள் அக்காவுக்கு அடிச்சனீங்களோ?" என்று கேட்டேவிட்டேன். குழி தோண்டிய அலவாங்கை நிலத்தில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீயுமோ?" என்றார். அவ்வளவுதான். திரும்பி அடுத்த கதியாலைக் கையில் எடுத்தார். உன் வீட்டுக்குப் போய்விட்டு இவ்வளவு வெட்கத்தோடு நான் ஒருநாளும் திரும்பியதில்லை.

இப்படியே மூன்று கிழமை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பஸ்ஸில் இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு அம்மா வந்து கடை வாசலில் இறங்கினா. மெலிந்த உடம்பு, நல்ல நிமிர்வு. சொப்பிங் பையிலிருந்து, கைமாறிக் கைமாறித் தன் ஊர் வரை வந்திருந்த உன் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தா.

"இந்தப் படத்தைப் போட்டது ஆர்?"

"நான்தான், அம்மா."

"அப்ப உங்களோடைதான் எனக்குச் சண்டை, தம்பி. பட்டது நான். சனம் அழுகிறது உங்கடை அக்காவுக்கோ?"

கடைக்குள் நின்ற சனத்தைப் பார்த்தேன். கதிரையை இழுத்து அவவைப் பின்பக்கம் இருத்தினேன். தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டா. முகாமில் தண்ணிக்கு நிற்கிற வரிசையில்தான் உன்னோடு பழக்கமாம். முகாமுக்குத் திரும்பி வந்த பிறகு நாளுக்குக் கொஞ்சமாக எல்லாவற்றையும் உனக்குச் சொன்னவவாம். "எழுதட்டோ எண்டு கேட்டவ. எழுதுங்கோ, பேரை மட்டும் போடாதையுங்கோ எண்டனான். பேர் போடேல்லைத்தான். ஆனா நான் போகேக்கை பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, தம்பி. அவ சும்மா காய்ச்சலைப் போட்டிருக்கிறா. வாசிக்க எனக்கே என்னிலை கோவம் வருது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. பிள்ளையை யார் வாசலில் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"வேறை ஆற்றை வாசலிலை? உங்கடை அக்கான்ரை வாசலிலைதான்."

கடையைப் பூட்டினேன். ஓட்டோ பிடித்து, என் வீட்டில் நின்ற ஜெனியையும் ஏற்றிக்கொண்டு, நேரே உன் வீட்டுக்கு விட்டேன்.

அத்தான் அந்த அம்மாவைக் கண்டதும் எழும்பி நின்றார். அவர் வாயைத் திறக்கமுதல் அவ ஜெனியின் கையைப் பிடித்துவிட்டா. "நீ ஒருதரிட்டையும் விடப்படேல்லை, பிள்ளை. உன்னோடை படுத்தவள் என்ரை மகள். இரண்டு வரியம் உன்ரை அப்பா ஒரு தோளிலை உன்னையும் மற்றத் தோளிலை அவளையும் தூக்கிக்கொண்டு திரிஞ்சவர். நான் திரும்பி வரேக்கை, எங்கை போனனி எண்டு ஒரு கேள்வி கேக்கேல்லை. சாப்பிட்டனியோ எண்டுதான் கேட்டவர்."

ஜெனி தகப்பனைப் பார்த்தாள். "ஏனப்பா சொல்லேல்லை? இவ்வளவு நாளும் நான்..."

"இது அவவின்ரை கதையெல்லே" என்றார் அத்தான். "ஒருதருக்கும் சொல்லுறேல்லை எண்டு கொம்மாவும் நானும் வாக்குக் குடுத்தது. நான் சொன்னால், அப்ப அது ஆர் எண்டு நீ கேட்பாய்."

ஊர் முழுக்கத் தன்னைப் பேச விட்டுவிட்டுக் கதியால் நட்டுக்கொண்டிருந்த மனுஷன், அக்கா. ஜெனி அவர் காலடியில் இருந்து அழுதாள். அவர் அவளுடைய தலையைத் தடவாமல், பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவர் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும்.

அந்த அம்மாவின் பெயரை நாங்கள் மூவரும் வெளியில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். கேட்டவர்களுக்கு, "எழுதினவ வேறை, பட்டவ வேறை, பட்டவ உயிரோடை இருக்கிறா" என்று மட்டும் சொன்னேன். புத்தகத்தை மறுபடியும் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். இம்முறை வெறும் கடல்நிற மட்டை, பெரிய எழுத்தில் 'நாவல்', அதற்குக் கீழே உன் பெயர். நன்றிப் பக்கத்தை எடுத்தாயிற்று. விதானையார் மட்டும் இன்னும் விடுகிறாரில்லை. "ஆற்றை கதையெண்டாலும் பிள்ளையை விட்டது பிழை பிழைதான்" என்கிறார். சாக்கின் மேல் இருந்து அழுதவள், "ஐயா, ஒருநாள் அடி வாங்கிப் பாத்திட்டு வந்து கதையுங்கோ" என்கிறாள். பேசட்டும். இப்போது அவர்கள் சண்டை பிடிப்பது நீ எழுதியதைப் பற்றி.

நேற்றுப் பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். ஜெனி புத்தகத்தை உரத்து வாசிக்கிறாள், அத்தான் கதிரையில் சாய்ந்து கேட்கிறார். "உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும், பிறகென்ன கேக்கிறியள்?" என்றேன். "நடந்தது தெரியும். அவள் எழுதினது தெரியாது" என்றார். கடைசி அதிகாரம் ஓடியது. குடியை விட்டுவிட்டு அந்தப் புருஷன் படலையில் வந்து நிற்கிறான், அவள் திறக்கவில்லை. நீ அங்கேயே முடித்துவிட்டாய்.

"திறந்திருக்கலாம்" என்றார் அத்தான்.

"என்னத்துக்கு? நல்லா வேணும் அவனுக்கு" என்றாள் ஜெனி.

"மனுசன் திருந்தி வந்து நிக்கிறான், பிள்ளை."

"திருந்தினால் தன்ரை வீட்டிலை போய்த் திருந்தி இருக்கட்டும், அப்பா."

"கொம்மாவைப் போலவே கதைக்கிறாய்" என்று அவர் சத்தம் போட, அவள் இன்னும் சத்தம் போட, தேத்தண்ணி ஆறிப்போனது. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கோ மாமா", "நீ சொல்லு மச்சான்" என்றார்கள். எனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று எழும்பி வந்துவிட்டேன். ஒழுங்கை முடிவு மட்டும் அவர்களின் சத்தம் கேட்டது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. மூன்று கிழமை பேச்சில்லாமல் கிடந்த அந்த வீட்டில் அந்தச் சண்டையை நான் தீர்த்துவைக்க மாட்டேன்.

உனக்குப் பின் பிறந்து, உன் புத்தகத்துக்கு முன் எதையும் வாசியாத
உன் தம்பி