உறவில்லாத ஒரு சாட்சி

செடார் பெண்ட்,
ஏப்ரல் 17

அன்பு மகள் லியோனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மா நலம், கிழட்டு நாய் நலம், ஆற்றில் பனி உடைந்து ஓடத் தொடங்கிவிட்டதால் ஊரும் நலம், என் முதுகு மட்டும் வழக்கம்போல எதிர்க்கட்சியில் இருக்கிறது. அலாஸ்காவில் உனக்கு இன்னும் குளிர் விடவில்லை என்று அம்மா சொன்னாள். இரவுப் பணி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா. விடுமுறை நாட்களில் எல்லாரையும் விட்டுவிட்டு உன்னை மட்டும் வேலைக்குக் கூப்பிடும் அந்தத் தலைமைச் செவிலியின் பெயரை எங்காவது குறித்து வைத்துக்கொள், இப்போது ஒன்றும் சொல்லாதே, பிறகு உதவும். நான் அப்படித்தான் செய்வேன்.

போன் பண்ணும்போதெல்லாம் "கஞ்சா அட்டையைப் புதுப்பிச்சாச்சாப்பா" என்று கேட்கிறாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் அம்மா நடுவில் புகுந்து தன் தம்பிக்கு வக்காலத்து வாங்கியிருப்பாள், நடந்தது நடந்தபடி உன் காதுக்கு வந்திருக்காது. உனக்குத் தெரியும், முதுகு வலிக்குக் கஞ்சா மருந்து வாங்க அனுமதி தரும் அந்த அட்டைக்கு ஓராண்டுதான் ஆயுள். தேதி முடிந்துவிட்டால் நம் மருந்துக் கடையில் பழங்குடித் தலைவியின் சொந்தத் தாய்க்கும் ஒரு சொட்டு மருந்து தரமாட்டார்கள். எனக்கு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. அதனால் முந்தைய வாரமே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கினேன். அங்கே இப்போது புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான், சப்பாத்து மட்டும் பளபளவென்று இருக்கிறது, "அட்டை வர்ற வரைக்கும் அந்தப் பழைய வெள்ளை வலி மாத்திரையை எழுதித் தரட்டுமா சார்" என்று மிட்டாய் கொடுப்பதுபோலக் கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த மாத்திரைக்கு அடிமையாகி நான் என்ன பாடு பட்டேன் என்று அவனுக்குத் தெரியாது, குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற உனக்குத் தெரியும். இந்தச் சொட்டு மருந்து வந்த பிறகுதான் நான் இரவில் தூங்கி, காலையில் எழுந்து, வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன். ஆகவே அட்டை எனக்கு விளையாட்டு விஷயம் இல்லை.

சான்றை எடுத்துக்கொண்டு டயர் கடைக்கும் பிங்கோ விளையாட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் நம் பழங்குடி மருந்து அலுவலகத்துக்குப் போனேன். ரமோனா இருந்தாள், என் தம்பி முறைக்காரனின் மகள், சின்ன வயதில் உன் சைக்கிளை உடைத்தவள். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, "பெரியப்பா, இந்த வருஷம் புதுசா ஒண்ணு கேக்கறாங்க, ஒரு சாட்சி வேணும், ரெண்டு வருஷமாவது உங்களைத் தெரிஞ்சவரா இருக்கணும், ரத்த உறவும் கூடாது, கல்யாண உறவும் கூடாது, வலியால உங்க நடத்தை எப்படி மாறிச்சுன்னு எழுதித் தரணும்" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டேன், இந்த ஊரில் எனக்கு உறவில்லாதவன் யார்? "அதான் எனக்கும் தெரியல, உங்க எதிர்ல இருக்கற நானே உங்க பொண்ணுதான்" என்று சிரித்தாள். மற்றவர்கள் எல்லாரும் லூத்தரன் பாதிரியாரைக் கூட்டி வந்தார்களாம். நான் அவரோடு பேசுவதில்லை. என் அப்பாவின் அடக்கத்தில் அவருடைய டகோட்டா மொழிப் பெயரை மூன்று விதமாகச் சொல்லி மூன்றையும் தப்பாகச் சொன்ன மனிதர் அவர். எனக்குப் பதிலாகத் தலைமையாசிரியராகக் கொண்டு வந்தார்களே நெப்ராஸ்காக்காரர், அவர் இருந்திருந்தால் உறவில்லாதவர்தான், ஆனால் இரண்டாவது குளிர்காலத்திலேயே ஓடிவிட்டார். ஓடுவார் என்று முதல் நாளே சொன்னேன், யார் கேட்டார்கள்?

ரமோனா மெல்ல, "பெரியப்பா, ஒருத்தர் இருக்காரே" என்றாள். யார் என்றேன். "வெண்டல் மாமா. அவரு உங்களுக்கு ஒறவே இல்லன்னு ஸ்கூல் கூடத்துல மைக்கைப் புடிச்சு நீங்கதானே சொன்னீங்க, ஊரே கேட்டுச்சு" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள், எல்லாம் நம் சொந்தங்கள்தான்.

சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. பள்ளிக் குழுவில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவியின் கூடப்பிறந்தவன், தலைமையாசிரியர் பதவிக்கான ஓட்டில் எனக்கு எதிராகக் கை தூக்கினான். அன்றிலிருந்து ஆறு வருடமாக அவனைக் கேலி செய்வதை நிறுத்தியிருக்கிறேன். மச்சானை மச்சான் வாரிக்கொண்டே இருப்பதுதான் நம் மக்களின் முறை, அவனிடம் போய் மரியாதையாகப் பேசுவதைவிடப் பெரிய அடி வேறு இல்லை. நான் ஒரு நாள் தவறாமல் அடித்தேன். கடையில் பார்த்தால் "காலை வணக்கம் ஐயா", வாசலில் பார்த்தால் "தாங்கள் முதலில் செல்லுங்கள் ஐயா". ஒவ்வொரு தடவையும் அவன் முகம் தொங்கிப்போகும். அது எனக்குக் காபியைவிட நன்றாக இருந்தது.

சரி, என் வாயால் சொன்னது எனக்கே உதவட்டும் என்று ஆற்றங்கரைக்குப் போனேன். வெண்டல் அங்கேதான் இருந்தான். எப்படி இருந்தான் தெரியுமா? உறைந்த ஆற்றின் மேல் வைத்து, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் மரக்கூண்டுகளை எல்லாரும் போன மாதமே கரைக்கு இழுத்துவிட்டார்கள், இவன் மட்டும் தன்னுடையதை இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று விட்டுவைத்திருக்கிறான், பனி உடைந்து கூண்டு பாதி ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கிறது, இவன் தொடை வரை தண்ணீரில் நின்றுகொண்டு அதன் கதவைப் பிடித்துத் தொங்குகிறான், கதவு மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. லியோனா, ஒரு மச்சானுக்கு இதைவிட நல்ல காட்சியைக் கடவுள் தரமாட்டார். என் நாக்கின் நுனியில் பன்னிரண்டு வார்த்தைகள் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "வணக்கம் ஐயா, தங்களிடம் ஒரு கையெழுத்து வேண்டும்" என்றேன்.

கதவைக் கரையில் போட்டுவிட்டுத் தாளை வாங்கிப் படித்தான். படித்துவிட்டு, "இதுல நான் போட முடியாது" என்றான். ஏன் என்றேன். "உறவில்லாதவன்னு போட்டிருக்கு. நான் பொய்க் கையெழுத்து போட மாட்டேன். நீ என் அக்கா புருஷன்" என்றான். நான்தான் அன்றைக்கே வெட்டிவிட்டேனே என்றேன். "நீ வெட்டின, நான் வெட்டலையே. நீ ஒருத்தன் சொல்லிட்டா கழண்டுடுமா, இது என்ன ட்ரக் சக்கரமா" என்று தாளை என் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினான், கை ஈரம், தாள் பாழ். வண்டியில் ஏறும்போது முதுகில் கத்தி வைத்ததுபோல இழுத்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், அவள் தம்பிக்கு இன்னும் என்மேல் வஞ்சம் தீரவில்லை, நான் மறுபடி அந்த மாத்திரைக்குப் போய் விழுவதைப் பார்க்க ஆசை என்று கத்தினேன். அவள் பாட்டுக்கு உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா பேசாமல் இருந்தால் அவளுக்கு என்னைவிட ஏதோ கூடுதலாகத் தெரியும் என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை மாலை நம் பழங்குடிக் குழுவின் பொதுக்கூட்டம், பள்ளியின் அதே கூடத்தில். அம்மா வற்புறுத்தியதால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், அந்த இரும்பு நாற்காலியை யார் வாங்கினார்களோ அவர்கள் பெயரும் என்னிடம் இருக்கிறது. மற்றவர்கள் பேசலாம் என்றதும் வெண்டல் எழுந்து போய் மைக்கைப் பிடித்தான். நான் அன்றைக்கு நின்ற அதே இடம். "ஒரு சின்ன வேலை, எல்லாரும் ஒத்துழைக்கணும். அங்க பின்னாடி உக்காந்திருக்கற லையலுக்குச் சொந்தக்காரங்க இல்லாதவங்க யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க" என்றான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குழந்தைகள்கூட உட்கார்ந்தே இருந்தன. கடைசியில் மேசையோரமாக ஒரு ஆள் எழுந்தார், விதிகளை எழுதிக் கொடுக்க மினியாபொலிஸிலிருந்து வந்துபோகும் வழக்கறிஞர். கூடமே சிரித்தது. வெண்டல் அவரிடம், "இவனை ரெண்டு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு" என்று கேட்டான். "இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் பாவம். "அப்ப உக்காருங்க சார்" என்றான் வெண்டல். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "சொந்தக்காரன் சொன்னா நம்ப மாட்டோம்னு ஒரு விதி. நம்ம ஊர்ல வேற யாரு சொல்றது? இவனுக்கு வெள்ளிக்கிழமையோட மருந்து நின்னுடும். நின்னா என்ன ஆகும்னு இங்க எல்லாருக்கும் தெரியும், எல்லார் வீட்லயும் ஒருத்தர் இருக்காங்க" என்றான். தலைவி இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். வேறு ஏதோ ஊரின் விண்ணப்பத் தாளிலிருந்து அப்படியே எடுத்ததாம். நம் அட்டைக்கு விதி போடுகிறவர்கள் நாம்தானே என்று அங்கேயே கை தூக்கி அந்த விதியை நீக்கிவிட்டார்கள், இனி உறவுக்காரரும் சாட்சி சொல்லலாம். வெண்டலும் கை தூக்கினான். அதை நான் கவனித்தேன்.

வியாழக்கிழமை அவனே அலுவலகத்துக்கு வந்தான், நான் கூப்பிடவில்லை. நின்றவாக்கில் எழுதி ரமோனாவிடம் கொடுத்தான். அவள் படித்துவிட்டு, "பெரியப்பா, இதை நான் சத்தமாப் படிச்சே ஆகணும்" என்று படித்தாள்: "லையல் என் மச்சான். முன்னாடி தினமும் என்னை வாருவான். இப்ப ஆறு வருஷமா என்னை ஐயான்னு கூப்பிடறான். போன வாரம் என் கூண்டு ஆத்துல கவுந்து கிடந்ததை நேர்ல பார்த்தும் ஒரு வார்த்தை கேலி பண்ணல. ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய வலி இருக்க முடியாது. தயவுசெஞ்சு மருந்து குடுங்க." வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. ரமோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப போட்டோ, உக்காருங்க பெரியப்பா, சிரிக்கக் கூடாது" என்றாள். நான் உட்கார்ந்தேன், வாயை இறுக்கினேன், கேமராவைத்தான் பார்த்தேன், ஆனால் அதற்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றுகொண்டிருந்தான், ஆறு வருடமாக நிற்பதுபோலவே. என் வாய் தானாகத் திறந்தது. "டேய் வெண்டல், நான் சும்மா இருந்ததுக்குக் காரணம் வலி இல்லடா. அந்தக் கூண்டுக்குள்ள உன் மூஞ்சியக் கிட்டத்துல பார்த்துச் செத்த மீனுங்களுக்காகத் துக்கம் அனுசரிச்சேன்" என்றேன். கேமரா அந்த நேரம் பார்த்துத்தான் மின்னியது. வெண்டல் சுவரில் சாய்ந்துகொண்டான், "அப்பாடா, ஆளு பொழச்சுட்டான்" என்றான். "பொழச்சுட்டாருன்னா அட்டை வேணாமா மாமா" என்றாள் ரமோனா. "முதுகு இன்னும் பொழைக்கல, குடு குடு" என்றான் அவன்.

ஆக, அட்டை கையில் இருக்கிறது, அடுத்த வசந்தம் வரை கவலை இல்லை, நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன். அவன் எனக்கு எதிராகக் கை தூக்கியதை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அது வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான், ஆறு வருடத்துப் பாக்கியை அன்றைக்கு முறைப்படி முகத்துக்கு நேராகத் திட்டித் தீர்க்கப்போகிறேன். உன் அம்மா இன்றைக்கே தம்பிக்குப் பிடித்த காட்டுச்செர்ரியை ஊறப்போட்டுவிட்டாள், கேட்டால் சும்மா என்கிறாள்.

நல்லவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், கெட்டவர்கள் உன் பெயரை மறந்துபோகட்டும், நீ போகும் பாதையில் பனி சறுக்காமல் இருக்கட்டும் என்று உன் அம்மாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்கு மறக்காமல் போன் பண்ணி, உன் மாமாவைக் கூப்பிட்டு, அந்தக் கூண்டின் கதவை எங்கே வைத்திருக்கிறார் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
அட்டையில் பல் முப்பத்திரண்டும் தெரிய இருக்கும்
உன் அப்பா லையல்