இரு பக்கமும் இருந்தது, அண்ணே

என் உயிருக்கும் மேலான சண்முகம் அண்ணனுக்கு,

பவானிப்பூர் அறையில் இப்போது நான் மட்டும்தான். வீட்டுக்கார மாஷிமா தினமும் வாசலில் நின்று வங்க மொழியில் "கேயேச்சோ?" என்கிறார். சாப்பிட்டேன் என்று தலையசைப்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது. தமிழில் திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

ஓடில்லாத அந்தக் கடல் நத்தை நினைவிருக்கிறதா? நான் அதை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றித் தந்தேன். நீங்கள் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தீர்கள். நரம்பு முடிச்சின் இரு பக்கமும் உயிரணுக்கள் சின்னக் கொத்தாக இருந்ததை முதலில் கண்டது நீங்கள்தான். "சுரப்பிதாம்ல இது. வெளிய போகக் குழாயே இல்ல பாரு. சுரக்கத நேரா ரத்தத்துலதான் விடணும்" என்றீர்கள்.

ஆய்வுக்கூடத் துரை ஒப்புக்கொள்ளவில்லை. சீவல் மடிந்திருக்கும் என்றார். "ஒரு பக்கம்னா மடிப்புன்னு சொல்லலாம். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலயால மடியும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். அதற்குள் துரை என் பக்கம் திரும்பி, "கத்தி மழுங்கியிருந்ததா?" என்றார்.

மழுங்கவில்லை. அன்று காலைதான் தீட்டியிருந்தேன். ஆனாலும், வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "இருக்கலாம் சார்" என்றேன். நீங்கள் ரப்பரை எடுத்து இரண்டு கொத்தையும் அழித்தீர்கள்.

திரும்பும்போது டிராமில் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தீர்கள். நாலாம் நாள் உங்களுக்குக் காலரா. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்மேல் கோபமாக இருந்தீர்களா, அண்ணே?

போன வாரம் புது ஜாடி வந்தது. மூன்று நத்தைகளைச் சீவினேன். மூன்றிலும் இருந்தது, இரு பக்கமும், நீங்கள் சொன்ன இடத்திலேயே. கண்ணாடித் தகட்டைத் துரை முன் வைத்தேன். "அன்றைக்குக் கத்தி மழுங்கவில்லை, சார். நான் பொய் சொன்னேன்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

அவர் வெகு நேரம் குனிந்து பார்த்தார். திட்டவில்லை. "முதலில் பார்த்தது யார்?" என்று கேட்டு, குறிப்பேட்டைத் திறந்தார்.

உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்கு எழுத வரவில்லை. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். உங்களை எரித்துவிட்டு வந்த பிறகு உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அந்தச் சுரப்பு உடம்புக்குள் போய் என்ன செய்கிறதென்று இன்னும் யாருக்கும் தெரியாது. நான் சீவிக்கொண்டே இருப்பேன். கண்ணால் கண்டதை இனி யார் கேட்டாலும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

உங்களைத் தனியே நிற்கவிட்ட தம்பி,
வேலு