கோடித்துணி

கல்யாணத்துக்கு உமா சம்மதிச்சாளான்னா கேட்ட? நீ போன் போட்டப்ப ஒச்சாண்டி மாமா பக்கத்துலயே நின்னாக, அதான் கட் பண்ணிட்டேன். இப்ப சொல்றேன் பவானிக்கா. அவகிட்ட யாரும் கேக்கவே இல்ல.

நீ ஸ்டான்லி மச்சானோட போன மறுநாளே ஊரு கூடி நம்மள ஒதுக்கி வச்சது உனக்குத் தெரியும். கடையில சீனி கூட கிடையாது. தண்ணி முறையில நம்ம பேர அடிச்சிட்டாக. திராட்சைக் கொடி மொத்தமும் காஞ்சிருச்சு.

அப்பா செத்தது தெரியும். எப்பிடி எடுத்தோம்னு தெரியாதுல்ல. விடியக்காலம் செத்தாக. ஒரு ஆள் எட்டிப் பாக்கல. வெயிலு வேற, பொழுது சாய உடம்பு ஊத ஆரம்பிச்சிருச்சு. அம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி விழுகாம எடுக்கவும் கூடாது. அம்மாவுக்குத் தம்பின்னு ஒச்சாண்டி மாமாதான் கோடித்துணியோட வந்தாக. வாசல் தாண்டல. எனக்குன்னு இருந்த மூத்தவ ஓடிட்டா, சின்னவளத் தாரேன்னு சொல்லு, உள்ள வாரேன், ஊரையும் கூட்டியாரேன்னாக.

அம்மா என்னையப் பாத்துச்சு. தலையாட்டுனது நானு. அம்மா இல்ல, நான்தான். அரைமணி நேரத்துல ஊரே வந்து கொட்டடிச்சாக.

பெறகு உமா கேட்டா, ஏன்டா, நான் என்ன பாடை தூக்குன கூலியான்னு. அவளுக்குப் பத்தொம்பது, மாமாவுக்கு நாப்பத்திமூணு. அவ நர்சிங் புக்கயெல்லாம் மாமா பழைய பேப்பர்காரன்ட்டப் போட்டுட்டு, இனி எனக்கு மட்டும் ஊசி போட்டாப் போதும்னு சிரிக்காக.

நாளைக் கழிச்சு வெள்ளிக்கிழமை கல்யாணம்.

இந்தக் கடுதாசிய உன் கையில தாரவளே உமாதான். ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுக ஜீப்புல, தலையில துண்டக் கட்டி நடுவுல உக்கார வச்சு அனுப்புறேன். கூட வார முருகம்மாளக்கா கட்டப்பனையில உன் வீட்டு வாசல்லயே இறக்கி விட்டுரும்.

அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அதுவே போய் மாமாட்டச் சொல்லிரும். அதுக்கு ஊரு வேணும்க்கா. நான் இங்கனதான் இருப்பேன். நானும் போயிட்டா அம்மாவப் போட்டு மிதிப்பாக.

ரெண்டு நாளைக்குப் போன் போடாத. அதுக்கப்புறமும் நான் எடுக்கலன்னா விட்டுரு, தேடி மட்டும் வந்திராத. அவளத் திரும்ப நர்சிங்ல சேத்துவிடு. என்னைய வஞ்சா வையட்டும், தடுக்காத. அவ நேத்துல இருந்து சாப்பிடல, மொதல்ல சோறப் போடு.

ஜீப்பு வந்திருச்சு. மாமா வீட்டுல லைட்டு எரியுது. போறேன்.

அருண்பாண்டி