சுத்தம் பண்ணுகிறார்கள் என்றீர்கள்

போபோடி, புனே
24-10-1999

மீனு அப்பாவுக்கு,

மங்கை எழுதுகிறேன். மீனுவும் அத்தையும் சௌக்கியம். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், நிதானமாகப் படிக்கவும்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து மீனு மராத்தியில் பொரிந்து தள்ளுகிறாள். கடைக்குப் போனால் அவள்தான் எனக்குத் துபாஷி. காய்காரர் என்னைத் திட்டினால்கூட ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே சொல்லிவிடுகிறாள். இந்தக் குணம் அவளுக்கு உங்களிடமிருந்து வரவில்லை.

அத்தை முருகனுக்கு வெள்ளித் தொட்டில் நேர்ந்துகொண்டிருக்கிறார். ஜனவரியில் நீங்கள் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து போனால் அடுத்த தீபாவளிக்குப் பேரன் மடியில் இருப்பானாம். அதற்குள் உடம்பைக் காட்டிவிட்டு வா என்று அவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

கட்கி பக்கம் ஒரு சின்ன கிளினிக். அங்கே சாந்தகுமாரி என்று ஒரு சிஸ்டர், தூத்துக்குடிக்காரர். பிள்ளையைத் தள்ளிப்போட வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவர் வேலை. தமிழ் தெரிந்தவர் என்பதால் என்னையும் அவரிடம் அனுப்பினார்கள். டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு அவரிடம் ஏதோ சொன்னார். சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "காப்பர்-டி உள்ள இருக்கும்போது பிள்ளை எப்படிம்மா நிக்கும்?"

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆங்கில டி எழுத்து மாதிரி, வாலில் நூலோடு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மீனு கைக்குழந்தையாக இருந்தபோது நீங்கள் கூட்டிப்போன டாக்டரம்மாவும் இதையேதான் என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மராத்தியில் வெகுநேரம் பேசினார். நான் உங்களைப் பார்த்தேன். "உள்ள சுத்தம் பண்ணப் போறாங்க, பல்லக் கடிச்சுக்கோ" என்றீர்கள். அவர் பக்கம் திரும்பி எனக்கும் சேர்த்துத் தலையாட்டினீர்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் மாதாமாதம் ரத்தம் கொட்டியது. நீங்கள் சிவப்பு டானிக் வாங்கிவந்து கொடுத்தீர்கள். எவ்வளவு அக்கறை என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

உங்கள் தங்கை ப்ரியம்வதாவின் வளைகாப்பு ஞாபகம் இருக்கிறதா? நான் வளையலைக் கையில் எடுத்தேன். "ஒண்ணோட நின்னுபோனவ கையால வேண்டாம்" என்று அத்தை பிடுங்கிக்கொண்டார். நீங்கள் வாசலில் நின்று புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காதில் விழுந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காசிம் பாய் கடைக்கு நீங்கள் போன் பண்ணியபோது கேட்டேன். வேலை நிரந்தரமாகாத சமயம், சொன்னால் நான் பயந்துவிடுவேன், பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்ததாகச் சொன்னீர்கள். அதை ஒத்துக்கொண்டிருப்பேன். நானே சரி என்று சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால். ஆனால் போனை வைக்கும் முன் என்ன சொன்னீர்கள்? "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத." ஆக, அம்மாவிடம் ஏச்சு வாங்க உங்களுக்குப் பயம். அதற்காக இத்தனை வருடம் நான் வாங்கினேன்.

சிஸ்டர் பொறுமையாக எல்லாம் சொன்னார். இது காலம் கடந்தது, எப்படியும் எடுக்க வேண்டும், எடுத்தால் பிள்ளை நிற்கும் என்றார். வேண்டாமென்றால் மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, ஆணுறை இருக்கிறது, புது காப்பர்-டி இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார். எதில் என்ன தொந்தரவு என்பதையும் மறைக்கவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வரட்டுமா என்றேன். "உடம்பு உன்னோடதும்மா. நீ யோசிச்சிட்டு வா, போதும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வாரம் யோசித்தேன். முதலில் எடுத்துவிட்டுப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. பிறகு அந்தப் பிள்ளைக்கு அப்பா நீங்கள் என்பது நினைவுக்கு வந்தது.

நேற்று போய்ப் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டேன். மாத்திரை என்றால் அத்தை கண்ணில் படும். ரத்தப்போக்கு இருக்கலாம் என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வலித்தது. ஆனால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்து வலித்தது. இதை எப்போது எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பதை நான் சொல்வேன்.

இந்த வருடம் கந்த சஷ்டிக்குப் பட்டினி கிடக்கப்போவதில்லை. அத்தை காரணம் கேட்டால் "ஜனவரியில உங்க பிள்ளை வந்து சொல்வார்" என்று மட்டும் சொல்லுவேன். அவர் தொட்டிலுக்கு வெள்ளி வாங்கும் முன் சொல்லிவிடுங்கள், பாவம், வயதானவர்.

வெயிலில் அலையாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து பெட்டியை இறக்கியதும் உங்கள் அம்மாவை உட்காரவைத்து, நான் பக்கத்தில் இருக்கும்போது, நடந்ததை நடந்தபடி தமிழில் சொல்லுங்கள். எனக்கும் அந்த மொழி புரியும்.

மீனுவின் அம்மா,
மங்கையர்க்கரசி