வலி பிறக்காத உடம்பு

என் செல்லத் தம்பி தேசிங்கு,

நீ திரும்பி வந்துவிட்டாய் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உன் பெயரைச் சொல்லித்தான் கொஞ்சுகிறாள். நீ செத்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது போய் எதற்குடா வருகிறாய்?

மூன்றரை மாதத் தடுப்பூசி அன்று ஆரம்பித்தது இது. சுற்றிலும் இருந்த குழந்தைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன. இவன் தொடையில் ஊசி இறங்கும்போது நர்ஸம்மா கழுத்து மணியைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாமே, உம்புள்ள அழவே இல்ல! ஷோக்கா வளத்துக்கீற" என்றாள் அவள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னையும் இப்படித்தானே கோட்டைக்குப்பமே மெச்சியது? வலையில் கெளுத்தி மீன் மாட்டினால் "தேசிங்கக் கூப்புடு" என்று குரல் வரும். மற்றவர்கள் அந்த விஷ முள்ளுக்குப் பயந்து ஒதுங்குவார்கள், நீ வெறுங்கையால் பிடுங்கி எடுப்பாய். அம்மன் அருள் என்றார்கள். பல் முளைத்தபோது உன் நாக்கு நுனியை நீயே கடித்துத் துப்பியதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் அடுப்பில் இருந்த சட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, தோல் தீய்ந்து வாடை வந்த பிறகும் என்னோடு கதை பேசிக்கொண்டிருந்தாயே. இன்றைக்கும் வீட்டில் ஏதாவது தீய்ந்தால் முதலில் உன் கையைத்தான் தேடுகிறேன், தெரியுமா?

கடைசியில் குதிகாலில் ஒடிந்த ஒரு முள். அதன் மேலேயே நடந்து திரிந்தாய். காய்ச்சல் வந்து, கால் கறுத்து, உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "வலிக்குதாப்பா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார்" என்று சிரித்தாய். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். மறுநாள் உன்னைத் துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இந்த முறை நான் சும்மா விடவில்லை. சென்னையில் ஒரு மரபணு டாக்டரம்மாவிடம் போய் உன் கதை எல்லாவற்றையும் கொட்டினேன். இவன் ரத்தத்தைச் சோதித்துவிட்டுப் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்.

"எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே மரபணுக்கள்தாம்மா. எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்ங்கிறதுலதான் ஒரு செல் தொடுறதை உணர்ற நரம்பாகும், இன்னொண்ணு வலியை உணர்ற நரம்பாகும். வயித்துல இருக்கும்போதே முதுகெலும்பு பக்கத்துல அது முடிவாயிடும். சில செல்களை வலி நரம்பா மாத்துறதுக்கு, மத்த மரபணுக்களை நடத்துற மரபணு ஒண்ணு இருக்கு. உங்க பையனுக்கு அதுல பிழை."

"அப்ப அந்த நரம்பு செத்துப்போச்சா மேடம்?"

"சாகலம்மா. உருவாகவே இல்ல."

தாயிடமிருந்து வருவதிலும் தகப்பனிடமிருந்து வருவதிலும் பிழை இருந்தால்தான் இப்படி ஆகுமாம். நைனாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டினவர்கள். நான் கட்டியதும் மாமன் மகனைத்தான். மருந்து கிடையாது என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இவன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். உருவாகாத ஒன்று எப்படிடா நம் வீட்டுக்குள் இப்படி நடமாடுகிறது?

அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "டாக்டருக்கு இன்னாடி தெரியும்? எம்புள்ள வாசன எனக்குத் தெரியாதா?" என்று அழுதாள். இவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உன் பெயரையே வைக்கச் சொல்கிறாள். பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் வேறு, "வுடு தாயி, கெளுத்தி எடுக்க ஆளு வந்துட்டான்" என்று சிரித்தார். "வாய மூடுண்ணா! உம்பேரன் கைய வுட்டு எடு" என்று கத்திவிட்டேன். எல்லாருக்கும் பேஜாராகிவிட்டது. ஆகட்டும்.

ஆனால் உன்னிடம் மறைக்க முடியுமா? நேற்று இவனைக் குளிப்பாட்டிவிட்டு கண், வாய், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழுதட்டில் ரத்தம். பல் முளைத்திருக்கிறது. நான் துடைக்கத் துடைக்க இவன் சிரித்தான். உன் சிரிப்புடா, அப்படியே உன் சிரிப்பு. உன் பெயர் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்த்துவிடுவாயோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

வராதே, சாமி. உன்மேல் ஆசை இல்லாமல் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நீ வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் நீ பத்தொன்பது வயதில் போனவன். இவன் அதைத் தாண்டியாக வேண்டும். அதனால் உன் பெயரை இவனுக்கு வைக்க மாட்டேன், அம்மா என்னோடு பேசாமல் போனாலும் சரி. இவன் உடம்பு இவனிடம் சொல்லாததையெல்லாம் நான் தினமும் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பேன். இவன் தலை நரைப்பதைப் பார்க்காமல் நான் சாகமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
அக்கா மல்லிகா