சினேகாவுக்கு மறுபடியும் பெயர் வைத்தேன்

அன்புள்ள தங்கை சௌந்தரத்துக்கு,

கடலூரில் நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி? இந்தத் தடவை யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை, ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது. வாட்ச்மேன் வேலைக்கு நடுவே, காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆகிவிட்டது.

பயப்படாதே. பேத்தி சினேகாவுக்கு வலது காது சரியாகக் கேட்காதாம், இடது காது நன்றாகக் கேட்கிறதாம். கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்று நாம்தான் தப்பாக நினைத்தோம். இடது பக்கம் நின்று பேசச் சொன்னார் டாக்டர். வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பெயர் வைத்த அன்று மூன்று முறை நீ சொன்னது வலது காதில்! பிள்ளைக்குப் பெயரே போய்ச் சேரவில்லை. டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்ததும் மடியில் உட்கார வைத்து, இடது காதில் மூன்று முறை சொன்னேன்.

"கத்தாத தாத்தா. எம்பேரு எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன்டி திரும்பல?"

"அந்தப் பக்கம் நெசமாவே கேக்கல. இந்தப் பக்கம் கேட்டாலும், நீ திட்டத்தான கூப்புடுவ?"

இன்று காலை இடது பக்கம் நின்று, ஒரு காரணமும் இல்லாமல் கூப்பிட்டேன். சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

சிதம்பரத்தில் பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமை வா. வெற்றிலை கொண்டு வா, தனியாகப் போட்டால் ருசிக்கவில்லை. கேட்டில் கார் ஹாரன் அடிக்கிறது. வந்ததும் அவளைச் சும்மா ஒரு முறை கூப்பிடு.

பச்சமுத்து