அணியத்தில் கட்டிய குருத்தோலை

மைக் இல்லாவிட்டாலும் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்படி வாசிக்கிற என் அப்பாவுக்கு,

அங்கே சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களோடு கோபம். நீங்கள் போன நாளிலிருந்து இருக்கிற கோபம்தான், அண்ணனால் இந்தக் கிழமை இன்னும் கூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நினைவுக்கான ஆண்டுப் பூசை. முதலாம் வாசகம் நான்தான் வாசித்தேன். ஞானம் ஒரு பெண்ணைப் போலத் தெருவில் நின்று கூப்பிடுகிற பகுதி உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் கடைசியாக வாசித்தது அதுதான். சந்தியில் நின்று கூப்பிடுகிறாள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆபத்து வந்த பிறகு அவளைத் தேடுகிறார்கள், அப்போது அவள் கிடைப்பதில்லை. ஃபாதரிடம் கேட்டு அந்தப் பகுதியை வாங்கியது அண்ணனுக்காக. உங்கள் தோணியில் இப்போது அவர்தான் வாவிக்குப் போகிறார்.

பூசை முடிந்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடியே உங்கப்பாட குரல் புள்ள. எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டு."

"நல்லா வாசிச்சாய், மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட நிண்டிருக்கலாம்" என்றார் அண்ணன்.

"என்ன வாசிச்சன் எண்டு சொல்லுங்க பாப்பம்."

"ஆரோ ஒரு பொம்பிள ரோட்டில நிண்டு கத்துறாவாம். உன்னப்போலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நீங்கள் போன பிறகு அம்மா சிரிப்பதே அருமை.

ஐப்பசி மாதம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மேற்கே உன்னிச்சைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வரும், பிறகு வாவிக்கு மேலே இடி. கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கையும் வருகிறது, மின்னல் நேரத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று. அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அது எல்லா நாளும்தான் வருகுது. முதல் மழைக்குத்தான்டி இறால் படும். இடிக்குப் பயந்தா வலையச் சுருட்டி வெச்சிட்டுப் படுக்க வேண்டியதுதான்." அணியத்தைக் காட்டினார். தோணியின் அந்த முன்மூக்கில், குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாக முடைந்து அம்மா கட்டியிருக்கிறார். "அந்தா ஓலை கிடக்கு. மறுகா என்ன பயம்?"

அப்பா, இது உங்கள் வார்த்தை. கரையில் சீருடையோடு நின்று போக வேண்டாம் என்று நான் கெஞ்சியபோது, நீங்களும் இந்த ஓலையைத்தான் காட்டிவிட்டுப் போனீர்கள். பிறகு மின்னல் அடித்த தோணியை இழுத்து வந்தார்கள். நீங்கள் அதற்குள் கிடந்தீர்கள். ஓலை கருகவே இல்லை. அதைப் புதுமை, ஆண்டவரின் அற்புதம் என்று சொல்லி அம்மா செபமாலையோடு பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பெட்டியைத் திறக்கவே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஓலையைக் காப்பாற்றிய ஆண்டவர் உங்களை ஏன் காப்பாற்றவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். கறுத்த வானத்தால் கூப்பிட்டார், வானொலிச் செய்தியால் கூப்பிட்டார், என்னாலும் கூப்பிட்டார். அவ்வளவு அழகாக வாசித்தீர்களே, அந்த ஞானம் உங்கள் மகளின் குரலிலும் வரலாம் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கரைக்கு ஓடிப்போய் அந்த ஓலையை அவிழ்த்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஓலை எங்க?" தோணிக்குள் குனிந்து தேடினார், தண்ணீருக்குள் துழாவினார். வானத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "இண்டைக்குச் சரியில்ல" என்று திரும்பிவிட்டார்.

சிறிது நேரத்தில் வாவி முழுக்க வெள்ளையாக வெட்டி வெட்டி மின்னியது. யன்னலடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பார்த்து, "கண்டியா புள்ள? ஓலை இல்லாமப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்!" என்றார்.

எனக்குச் சுவரில் தலையை மோத வேண்டும்போல இருந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறார், அது பெரிய சந்தோசம். ஆனால் அவர் கேட்டது என் சொல்லையா, கோயிலில் கேட்ட சொல்லையா? ஓலையின் சொல்லைத்தானே கேட்டார்! நான் அதை ஒளித்ததால் அதற்குப் பலம் கூடியதுதான் மிச்சம். இப்போது அம்மா பெரியம்மாவிடம் மந்திரித்த ஓலை வாங்கி வந்து, புதிய சிலுவை முடைந்துகொண்டிருக்கிறார். நாளைக்குக் கட்டிவிடுவார். எத்தனை ஓலையை நான் அவிழ்ப்பது?

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன், அப்பா. நாளைக்கு அண்ணன் வாவிக்கு இறங்குமுன் பையிலிருக்கும் ஓலையை அவர் கையில் கொடுத்து, அவிழ்த்தது நான்தான் என்று சொல்வேன். ஏசுவார், அடிக்கவும் கூடும். பரவாயில்லை. ஓலையை வீட்டில் மாட்டி வைத்துச் செபியுங்கள், வானத்தை நிமிர்ந்து பாருங்கள் என்று சொல்வேன். கேட்காவிட்டால், வானம் கறுக்கிற ஒவ்வொரு நாளும் கரையில் நின்று கூப்பிடுவேன், நீங்கள் வாசிக்கிற அந்தக் குரலில், அக்கரைக்கும் கேட்கும்படி. ஊர் சிரிக்கட்டும். அண்ணன் சொன்னது சரிதான். ரோட்டில் நின்று கத்துகிற அந்தப் பொம்பிளை நான்தான்.

நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போனாலும் இன்னும் கரையை விட்டுப் போகாத,
உங்கள் இளைய மகள்